லீவு கிடைத்த மாதத்தில் எந்த மலை?

இமயமலையில் நடக்கப் போகிறேன் என்றால் வீட்டில் கேட்பது, "அங்கே குளிருமே?" ஆபீஸில் கேட்பது, "எத்தனை நாள் லீவு?" என் ஆரம்பப் பயணங்களின் பருவத்தை முடிவு செய்தது இந்த இரண்டாவது கேள்விதான். மே மாதம் பள்ளி விடுமுறை, தீபாவளியை ஒட்டி சில நாள், பொங்கலுக்கு நாலு நாள். எது வாய்த்ததோ அதில் பையைக் கட்டினேன். "மே நல்ல சீசன்தானே?" என்று பயண ஏற்பாட்டாளரிடம் கேட்டால், "நல்ல சீசன் சார்" என்பார். ஜூலையைக் கேட்டாலும், டிசம்பரைக் கேட்டாலும் அதே பதில் வரும். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. எந்த இடத்துக்கு நல்லது, எதைப் பார்க்க நல்லது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

முதல் அடி ருபின் கணவாயில் விழுந்தது. உத்தராகண்டின் தௌலாவில் தொடங்கி, 4,650 மீட்டரில் கணவாயைத் தாண்டி, இமாச்சலத்தின் சாங்லாவில் இறங்கும் ஒரு வாரப் பாதை. நாங்கள் போனது மே கடைசி வாரம். டேராடூனில் ரயிலை விட்டு இறங்கியபோது வெயில் 38 டிகிரி. கம்பளியை எல்லாம் எதற்குச் சுமந்து வந்தோம் என்று தோன்றியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பள்ளியிலேயே படித்ததுதான். டேராடூனிலிருந்து கணவாய்க்கு 4,000 மீட்டர் ஏற்றம், ஆக 26 டிகிரி போய்விடும். இங்கே மண்டையைப் பிளக்கும் மத்தியானம் அங்கே பன்னிரண்டு டிகிரி. அப்போது ராத்திரிக்கு என்ன ஆகும்? அந்தக் கணக்கை நான் போடவில்லை.

நடக்கத் தொடங்கியதும் எல்லா நாளும் ஒரே மாதிரி போனது. காலையில் துடைத்து வைத்த மாதிரி வானம். பதினொரு மணிக்கு மேற்கே ஒரு சின்ன மேகம். ஒரு மணிக்கு இடி. இரண்டு மணிக்குக் கூடாரத்தின் மேல் ஆலங்கட்டி படபடவென்று விழும். ஆறு மணிக்கு மறுபடியும் நட்சத்திரம். பருவமழைக்கு முந்தைய மாதங்களில் மேற்கு இமயத்தில் இது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த மாதங்களில் ஒரு நாள் என்றால் அதில் பாதிதான் நமக்கு. மதியத்துக்குள் அடுத்த முகாமில் இருக்க வேண்டும். எங்கள் குழுவோ காலை டிபனை நிதானமாகச் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, ஒன்பது மணிக்குக் கிளம்புகிற ரகம்.

மேல் அருவியை ஒட்டி 4,000 மீட்டரில் கடைசி முகாம். இரவு எட்டு மணிக்குக் கூடாரத்தின் துணி முகத்தில் வந்து இடித்தது. பனி. வழிகாட்டி வெளியே நின்று மணிக்கொரு தரம் கூடாரத்தைத் தட்டிப் பனியை உதிர்த்துக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர், நாங்கள் 'பாய்ஜி' என்று கூப்பிடுவோம். அதிகாலை மூன்று மணிக்குக் கணவாய்க்குக் கிளம்புவதாக ஏற்பாடு. இரண்டு மணிக்கே தனியாக மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். "முழங்கால் வரைக்கும் புதுப் பனி. அதுக்குக் கீழே பழைய பனி இறுகிக் கிடக்கு. மேல இருக்கிறது எப்ப வேணாலும் சரியும். இன்னைக்கு வேண்டாம்."

சரி, நாளைக்கு? நாளை என்ற ஒன்று எங்களிடம் இல்லை. திரும்பும் டிக்கெட் கன்ஃபர்ம் ஆகிப் பையில் கிடந்தது. வந்த வழியே இறங்கினோம்.

இறங்கும்போது பாய்ஜி ஒன்று சொன்னார். "இது கோடை இல்லை சார். போன குளிர்காலத்தோட பாக்கி." மேற்கு இமயத்தில் மே, ஜூன் மாதத்துக் கணவாய்களுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் கேட்டதில்லை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் கொட்டிய பனி, மே மாதம் முழுக்க அங்கேயே கிடக்கும். சூரியன் வரும் முன் கல் மாதிரி இறுகியிருக்கும், அதன் மேல் நடக்கலாம். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் இளகிவிடும், கால் தொடை வரை புதையும். அதனால்தான் மூன்று மணிக் கிளம்பல். பனிச்சரிவில் நடப்பதும் சறுக்கி இறங்குவதும்தான் வேண்டும் என்றால் மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரைக்கும் சரியான காலம்தான். காலணியில் மாட்டும் மைக்ரோ ஸ்பைக்கும், பனி உள்ளே புகாமல் கணுக்காலைச் சுற்றிக் கட்டும் கெய்ட்டரும் இருக்க வேண்டும், கூடவே ஒரு உபரி நாளும். அதே கணவாய் செப்டம்பரில் பெரும்பாலும் வெறும் கல்லும் பழுத்த புல்லும். பெயர்தான் ஒன்று, நடக்கிறவனுக்கு அது வேறு பாதை.

மே, ஜூன் வானிலையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு என் கதையெல்லாம் சாட்சியே இல்லை. 2024 ஜூன் முதல் வாரத்தில் உத்தராகண்டின் சஹஸ்திர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் மாட்டிக்கொண்டது. 9 பேர் இறந்துபோனார்கள். நாட்காட்டிப்படி அது நல்ல சீசன்.

ருபின் தோல்விக்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நமக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. அது உடம்பிலேயே ஊறிய கணக்கு, அதை வைத்துக்கொண்டு வடக்கே போனால் குழப்பம்தான். இமயத்துக்கு மழை தருவது தென்மேற்குப் பருவக்காற்று. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தைத் தொடும் அந்தக் காற்றின் ஒரு கை வங்கக் கடல் வழியாக ஏறி, முதலில் கிழக்கு இமயத்தில் மோதும். சிக்கிமுக்கு ஜூன் முதல் பாதியிலேயே மழை வந்துவிடும். நேபாளத்துக்கு ஜூன் நடுவில். அங்கிருந்து மலையை ஒட்டி மேற்கே நகர்ந்து உத்தராகண்ட், இமாச்சலம் வந்துசேர ஜூன் கடைசி ஆகும். திரும்பும்போது தலைகீழ். மேற்கிலிருந்து முதலில் விலகும், கிழக்கை விட்டுக் கடைசியாகப் போகும். ஆகவே காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் செப்டம்பர் நடுவிலேயே வானம் திறக்கத் தொடங்கும். சிக்கிமில் அதற்கு அக்டோபர் வர வேண்டும்.

குளிர்காலத்தில் இதுவும் புரளும். பனி கொண்டுவரும் மேற்கத்தியக் கலக்கங்கள் காஷ்மீர், இமாச்சலம் பக்கம்தான் பலமாக அடிக்கும். அங்கே நவம்பரில் கணவாய்கள் மூடிக்கொள்ளும்போது, கிழக்கே நேபாளத்தில் நவம்பர் முழுக்கவும் நடக்க முடிகிறது. இமயம் சுமார் 2,400 கிலோமீட்டர் நீளம். அதற்கு ஒரே சீசன் என்பது கன்னியாகுமரிக்கும் போபாலுக்கும் ஒரே வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி. இந்த நீளத்தைப் புரிந்துகொண்ட பிறகு என் கேள்வி மாறிப்போனது. 'இந்த மலைக்கு எந்த மாதம்?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'கிடைத்திருக்கும் இந்த மாதத்துக்கு எந்த மலை?' என்று தேட ஆரம்பித்தேன்.

அடுத்து லீவு கிடைத்தது ஜூலை கடைசியில். எல்லோரும் வேண்டாம் என்ற மாதம். உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போனேன். அந்தத் தேசியப் பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஆனால் பூ வேண்டும் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை போக வேண்டும், அதாவது கொட்டும் மழையில். ஜூனில் போனவர்கள் உருகும் பனியைப் பார்த்துவிட்டு, 'எங்கேப்பா பூ?' என்று கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். நான் மூன்று நாளும் நனைந்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு மணி நேரம் மூட்டம் விலகியது. அந்த ஒரு மணி நேரத்துக்காக மறுபடியும் மூன்று நாள் நனைவேன். பக்கத்தில் 4,300 மீட்டர் உயரத்தில் ஹேம்குண்ட் ஏரி. அந்தப் பாதையின் மேல்பகுதியில் பாறை இடுக்குகளில் பிரம்ம கமலம் பூக்கும். அதுவும் மழைக்காலப் பூதான்.

மழைக்காலத்தில் நடைபாதையைவிட அதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சாலைதான் ஆபத்து. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் போகிற வழியில் மலைச்சரிவு. ஜேசிபி வந்து கல்லைத் தள்ளத் தள்ள மேலிருந்து இன்னும் விழுந்தது. போகும்போது ஐந்து மணி நேரம், திரும்பும்போது ஒன்றரை நாள் முடங்கினோம். ஜீப்பிலேயே தூங்கி, பக்கத்து வண்டிக்காரர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, ரயிலைத் தவறவிட்டேன். ஜூலையில் போவதென்றால் உபரி நாளைச் சாலைக்காக ஒதுக்குங்கள், குறைந்தது இரண்டு. மதியத்துக்கு மேல் மலைச்சாலைப் பயணத்தைத் தொடங்காதீர்கள். ஆற்றங்கரையை ஒட்டிய விடுதியில் தங்காதீர்கள். 2013 ஜூன் நடுவில் கேதார்நாத்தில் நடந்ததை நினைத்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

மழை மாதத்தில் நனையாமல் நடக்கவும் ஒரு வழி இருக்கிறது: மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கம் வாழ்கிறவர்களுக்கு மழை மறைவுப் பகுதியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லடாக்கும் ஸ்பிதியும் அப்படித்தான். 4,270 மீட்டர் ஹம்ப்டா கணவாயில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம் என்பார்கள். ஏறி வந்த மணாலி பக்கம் பச்சைப் பசேல், இறங்கப்போகும் லாகூல் பக்கம் ஒரு மரம் கிடையாது. அடுத்த ஆகஸ்டில் நான் லடாக்கின் மார்கா பள்ளத்தாக்கில் நடந்தேன். ஆறு நாளில் மழை பெய்தது ஒரே ஒரு மாலை, அதுவும் தூறல்.

ஆனால் ஆகஸ்ட் அங்கே வேறு விதத்தில் வேலை வைத்தது. பாலம் இல்லாத ஓடைகளைக் கடக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு தண்ணீர். அதே ஓடை மாலை நாலு மணிக்கு இடுப்பளவு. வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, சாயங்காலம் இங்கே வந்து சேர்கிறது. முதல் நாள் அது தெரியாமல், சாப்பிட்டு இளைப்பாறி மூன்று மணிக்குப் போய் நின்றோம். எங்களோடு வந்த கோவேறுக் கழுதையே இறங்க மறுத்துவிட்டது. மறுநாள் விடியும்வரை அக்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்னொன்று, லேவுக்கு விமானத்தில் போய் இறங்கினாலே 3,500 மீட்டர். எந்த மாதமானாலும் முதல் இரண்டு நாள் அறையிலும் அறைக்குப் பக்கத்திலும்தான். லடாக்கில் மழையே வராது என்றும் நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு ஒரே இரவில் ஊரைப் புரட்டிப் போட்டது. அங்குள்ள வீடுகள் மண் செங்கல்லால் கட்டியவை, அந்த மாதிரி மழையை அவை எதிர்பார்த்ததே இல்லை.

பிறகு, எல்லோரும் உச்சி சீசன் என்று சொல்லும் அக்டோபர். எவரெஸ்ட் பேஸ் கேம்ப். வானத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை. நாலு மாத மழை காற்றில் இருந்த தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும், தொலைவில் இருக்கும் சிகரம் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் போன நண்பர்கள் எடுத்த படங்களோடு ஒப்பிட்டேன். காட்டுத்தீப் புகையும் மூட்டமுமாக அவற்றில் பாதிக்கு மேல் மங்கல். பதிலுக்கு அவர்களுக்கு ரோடோடெண்ட்ரான் பூத்த காடு கிடைத்தது. எனக்கு அதே மரங்களின் வெறும் பச்சை இலை.

அக்டோபர் என்னிடம் வசூலித்தது வேறு. நடை தொடங்கும் ஊர் லுக்லா. கூட்டம் அதிகமான மாதங்களில் அங்கே போகும் விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை, ராமேச்சாப் மாவட்டத்து மந்தலிக்குப் போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வேனில் ஏறி, நாலைந்து மணி நேரம் வளைந்து வளைந்து போய், அங்கே வரிசையில் நின்றோம். லுக்லாவில் மூட்டம் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். மேலே ஏறினால் லாட்ஜில் இடம் இல்லை. லோபுசேயில் சாப்பாட்டு அறைப் பெஞ்சில் படுத்தேன். உயரம் 4,940 மீட்டர், அடுப்பு ஒன்பது மணிக்கே அணைந்துவிட்டது.

கூட்டம் என்றால் வெறும் அசௌகரியம் என்றுதான் நினைத்திருந்தேன். டிங்போசேயில் இரண்டாம் இரவு தங்கி உடம்பைப் பழக்க வேண்டியவர்கள் பலர், 'இன்றைக்கே போனால்தான் மேலே ரூம் கிடைக்கும்' என்று கிளம்பிப் போனதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ரூமுக்காக அதை மீறினார்கள். அப்படி முந்திப் போன ஒருவரை மறுநாள் குதிரையில் வைத்துக் கீழே கொண்டுபோனதை எதிரே பார்த்தேன். நேபாளத்தில் நவம்பர் நடுவுக்கு மேல் கூட்டம் வடியத் தொடங்கும், வானம் அப்படியே இருக்கும், குளிர் மட்டும் கூடும். குளிரைத் தாங்கும் தூக்கப்பை இருந்தால் அக்டோபரைவிட நவம்பர் பின்பாதியையே நான் தேர்ந்தெடுப்பேன்.

இனிச் சொல்லப்போவது நேபாளத்தின் அன்னபூர்ணா. அதுவும் அக்டோபர்தான், வேறொரு வருடம். மனாங் என்ற ஊரில் 3,540 மீட்டரில் இரண்டு இரவு தங்கி, 5,416 மீட்டர் தோரோங் கணவாய்க்கு ஏறுவது திட்டம். லாட்ஜில் வைஃபை கிடைத்ததும் எல்லோரும் போட்டோ ஏற்றிக்கொண்டிருக்க, நான் பழக்க தோஷத்தில் சென்னை வானிலைச் செய்தியைத் திறந்தேன். அக்டோபர் வந்துவிட்டால் வங்கக் கடலைப் பார்க்காமல் நமக்குத் தூக்கம் வராதே. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ஆந்திரா, ஒடிசா நோக்கி நகர்கிறது என்று இருந்தது. 'நல்லவேளை, நம் ஊருக்கு இல்லை' என்று மூடிவிட்டேன்.

சாப்பிடும்போது இதைச் சும்மா லாட்ஜ்காரரிடம் சொன்னேன். அங்கே அண்ணனைத் 'தாய்' என்று கூப்பிடுகிறார்கள். அறுபது வயது மீசைக்காரரை 'தாய்' என்று கூப்பிட எனக்கு வாய் கூசியது, பழகிவிட்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டார். போனை வாங்கிப் பார்த்தார். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே ஏறி, இரண்டே நாளில் இதே தோரோங் பகுதியில் பனிப்புயலாக இறங்கியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நேபாள மலைநடை வரலாற்றிலேயே மிக மோசமான விபத்துகளில் அது ஒன்று. அவர் அப்போது மீட்பு வேலைக்கு மேலே போனவர். அதற்கு மேல் அவர் எதுவும் விவரிக்கவில்லை. "இரண்டு நாள் இருங்க. ரூம் வாடகை வேண்டாம், சாப்பாட்டுக்கு மட்டும் கொடுங்க" என்றார்.

ஹுட்ஹுட் என்ற பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். டிவியில் விசாகப்பட்டினத்துத் தென்னை மரங்கள் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். அது இமயத்தில் போய் ஆட்களைக் கொன்றது அன்றைக்குத்தான் உறைத்தது. 2021 அக்டோபர் 17 முதல் 19 வரை உத்தராகண்டில் பெய்த பேய்மழையின்போதும் மேலே லம்காகா கணவாய்ப் பக்கம் பனியில் சிக்கி மலைநடைக்குப் போனவர்கள் இறந்தார்கள். அதுவும் அக்டோபர், அதுவும் உச்சி சீசன்.

நாங்கள் தங்கினோம். முதல் நாள் வெயில் அடித்தது. கூட இருந்த இருவர் என்னை முறைத்தார்கள். "உங்க ஊர் புயலுக்கு இங்கே லீவா?" என்று ஒருவர் கிண்டலடித்தார். இரண்டாம் நாள் மதியம் மேலே எல்லாம் மறைந்தது, மனாங்கிலேயே பனி விழுந்தது. மூன்றாம் நாள் மனாங்கிலிருந்து கிளம்பி, இடையில் தங்கித் தங்கி ஏறினோம். கணவாயில் முழங்காலுக்குக் கீழே புதுப் பனி, தெளிந்த வானம், கூட்டமாக எல்லோரும் மிதித்துப் போட்ட வழி. காலை ஒன்பதரைக்கு உச்சியைத் தாண்டினோம். இரண்டு நாளும் என் திட்டத்திலேயே உபரியாக இருந்தவை. ருபினில் இல்லாதது இங்கே இருந்தது, வேறு சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

கணவாய்க்கு அந்தப் பக்கம் 1,600 மீட்டர் இறங்கினால் முக்திநாத். நம் திவ்ய தேசங்கள் நூற்றெட்டில் ஒன்றான திருச்சாளக்கிராமம். முட்டி தேய்ந்து, மூக்குத் தோல் உரிந்து, பத்து நாள் குளிக்காமல் போய் நின்றால், நூற்றெட்டுத் தாரைகளின் கீழே மடிசாரில் ஒரு மாமி சாவகாசமாக நனைந்துகொண்டிருக்கிறார். ஜீப்பில் வந்திருக்கிறார்கள். "எந்தப் பக்கமா வந்தேள்?" என்றார். கணவாயைக் காட்டினேன். "அங்கே ரோடு இருக்கா?" என்று கேட்டார்.

குளிர்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு அரையாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசி வாரம், உத்தராகண்டின் கேதார்காந்தா. 3,800 மீட்டர்தான், கணவாய் இல்லை, ஏறி இறங்கும் சிகரம். குளிர்காலத்துக்கு அந்த உயரம் போதும். பனி வேண்டும் என்று வந்த பாதி இந்தியா அங்கேதான் இருந்தது. பைன் காட்டில் பனி, இரவு மைனஸ் பத்தை ஒட்டி, காலையில் பாட்டில் தண்ணீர் கட்டி. போன், பவர் பேங்க், நனைந்த காலுறை எல்லாவற்றையும் தூக்கப்பைக்குள் போட்டுக்கொண்டு குஞ்சு பொரிக்கிற கோழி மாதிரி தூங்க வேண்டும். ஐயாயிரம் மீட்டர் பக்கம் குளிர்காலத்தில் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: காற்றழுத்தம் குளிர்காலத்தில் இன்னும் குறையும். அதனால் அதே உயரத்தில் மே மாதத்தைவிட ஜனவரியில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவு. குளிரோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

இப்போது ஏற்பாட்டாளரிடம் 'நல்ல சீசனா?' என்று நான் கேட்பதே இல்லை. போன வருடம் இதே வாரத்தில் எத்தனை குழு கணவாயைத் தாண்டாமல் திரும்பியது? கணவாய் நாளில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? உபரி நாள் திட்டத்துக்குள்ளேயே இருக்கிறதா, அதற்குத் தனியாகப் பணமா? திரும்புவதென்றால் யார் முடிவு, வழிகாட்டியா, ஆபீஸில் இருப்பவரா? முதல் கேள்விக்கு 'ஒன்று கூட இல்லை சார்' என்று உடனே பதில் வந்தால் போனை வைத்துவிடுவேன். மூன்று குழு திரும்பியது என்று சொன்ன ஒருவரிடம்தான் கடைசியாகப் பணம் கட்டினேன்.

வானிலை முன்னறிவிப்பை மூன்று நாளுக்கு மேல் நம்புவதில்லை. ஆனால் அந்த மூன்று நாளைக்கு முழுதாக நம்புகிறேன். வங்கக் கடல் செய்தியையும் பார்க்கிறேன், இனி அது என் சீசன் கணக்கில் ஒரு பகுதி. தேதி குறிக்கும்போது தினசரி காலண்டரில் பௌர்ணமி எங்கே என்றும் பார்ப்பேன். சகுனத்துக்காக அல்ல. மூன்று மணிக்குக் கணவாய் ஏறும்போது பனியில் நிலா விழுந்தால் நெற்றி விளக்கே தேவைப்படாது, முன்னால் நடப்பவரின் கால் எங்கே படுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

லீவு கணக்கிலும் ஒரு திருத்தம். மே, தீபாவளி, பொங்கல் என்று பார்த்துப் பார்த்து, செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டுத் தேர்வு விடுமுறையை நான் கண்டுகொண்டதே இல்லை. மேற்கு இமயத்திலிருந்து மழை விலகி, குளிர்காலப் பனி இன்னும் வராமல், கணவாய்கள் கல்லாகக் கிடக்கும் வாரம் அதுதான். இந்த வருடம் அந்த விடுமுறையோடு என் லீவில் நாலு நாளைச் சேர்த்து ருபினுக்குப் போட்டிருக்கிறேன், இரண்டு உபரி நாளோடு. பாய்ஜியே வருகிறார், பேசியாயிற்று. பிளஸ் ஒன் படிக்கும் மகளும் வருவதாக ஏற்பாடு. ராத்திரி சாப்பிடும்போது படங்களைக் காட்டி, மே மாதத்தில் நான் திரும்பிய இடத்தையும் செப்டம்பரில் அதே இடம் இருக்கும் கோலத்தையும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்போ பனியே இருக்காதா?" என்றாள்.

"இருக்காது. கணவாயைச் சுலபமாத் தாண்டிடலாம்."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "வெறும் கல்லா இருக்கேப்பா. மே மாசமே போலாமே?"